லோரி மேல் சாய்ந்த கூகைப் பெட்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ரெம்பாவ் ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குப் போனவர்கள் மூன்று பேர்: லோரி அண்ணன், பாய், நான். வராதவர் மிஸ்ஸி அக்கா ஒருவர்தான். வார்டில் ஆள் குறைகிறது என்று கடைசி நேரத்தில் அவரை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கள் நாலு பேரில் நிதானமான ஆள் அவர். அன்றைக்கு அவர் கூட இருந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டி வந்திருக்காது. ஒரு பறவைப் படத்தையும் அதன் கீழே இரண்டு வரியையும் போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

ராசா என்ற எங்கள் ஊரில் பாயின் சாப்பாட்டுக் கடையில் கடைசி மேசை எங்களுடையது. ஞாயிறு மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு அங்கே உட்கார்ந்து கேமரா பேசுவோம். வேறு எதுவும் பேசியதாக எனக்கு நினைவில்லை. லோரி அண்ணன் சொந்தமாக ஒரு மூன்று டன் கூண்டு லோரி வைத்து சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். மிஸ்ஸி அக்கா அரசாங்க மருத்துவமனையில் தாதி. இங்கே தாதிகளை மிஸ்ஸி என்று கூப்பிட்டே எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டதால் எங்களுக்கும் அவர் மிஸ்ஸி அக்கா ஆனார். நான் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். என் அப்பாவும் அம்மாவும் இன்னொரு தோட்டத்தில் பழம் வெட்டியும் பொறுக்கியும் காலம் தள்ளியவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து மேலேயும் படித்த முதல் ஆள் நான்தான். அதை நான் கொஞ்சம் அதிகமாகவே நினைத்துக்கொண்டு திரிந்த காலம் அது.

கேமரா என்பது வாங்கும் செலவோடு முடிகிற சங்கதி இல்லை. நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். கண்ணாடியில் சிலந்தி வலை கட்டினாற்போல் வெள்ளை வெள்ளையாகப் படரும். ஈரம் உறிஞ்சும் அலமாரி வாங்க எங்களிடம் வசதி கிடையாது. மிஸ்ஸி அக்காதான் வழி கண்டுபிடித்தார். மாத்திரைப் புட்டிகளுக்குள் ஈரம் உறிஞ்சுவதற்காகப் போட்டிருக்கும் சின்னப் பொட்டலங்களை வீசப் போகும் நேரத்தில் சேர்த்துக் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு பை கொடுப்பார். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் அவற்றைப் போட்டு, மேலே லென்ஸை வைத்து மூடினால் தீர்ந்தது. பாய் தன் பங்குக்கு அரிசி கொடுத்தார். ஐந்து கிலோ அரிசியைத் துணிப்பையில் தைத்து வைத்துக்கொண்டு, எங்கே வேண்டுமானாலும் போட்டு அதன் மேல் கேமராவைப் பதித்தால் கை நடுங்கினாலும் படம் நடுங்காது. எங்களிலேயே பெரிய லென்ஸ் பாயுடையதுதான். தூரத்துக் குருவியின் கண்ணிமை வரைக்கும் இழுத்துக் காட்டும் லென்ஸ். அதைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வருவார். வந்து, தன் கடையின் மீன் தலைக் கறியைப் படம் எடுப்பார்.

"பாய், அந்த லென்ஸுக்கு வாய் இருந்தா அழும் லா," என்பார் லோரி அண்ணன்.

"அழட்டும். பசிச்சா அதுக்கும் ஒரு ரொட்டி போடுறேன்," என்பார் பாய்.

லோரி அண்ணன் வைத்திருந்தது மூன்று கை மாறி வந்த கேமரா. பக்கத்து சீட்டில் துண்டு சுற்றி உட்கார வைத்து, சீட் பெல்ட்டும் போட்டிருப்பார். சிக்னலில் நிற்கும் நேரத்தில் எடுத்த படங்களே அவரிடம் நூற்றுக்கணக்கில் இருந்தன: மழைக்கு பஸ் நிறுத்தத்தில் ஒண்டிய பள்ளிப் பிள்ளைகள், வாழைத்தாரோடு மோட்டார் சைக்கிளில் போகிற கிழவர், கோயில் வாசலில் கொட்டாவி விடுகிற நாய். பறவையை எப்படிப் பிடிப்பது என்று அவரிடம் கேட்டால் ஓட்டுநர் மொழியில்தான் பதில் வரும். "கோஸ்தான் எடுக்கும்போது ரெண்டு கண்ணாடியையும் பாக்கணும் தம்பி. படம் எடுக்கும்போது ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சிருக்கணும். ஒன்ன மூடிட்டீன்னா பறவ எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு எப்படிடா தெரியும்?" வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு இங்கே கோஸ்தான் என்போம். ஒரு கண் கேமராவுக்குள்ளும் மற்றொரு கண் உலகத்திலுமாக நிற்பது எனக்கு வெகுநாள் கைவரவில்லை. தலை வலிக்கும். இடது கண் தானாகவே மூடிக்கொள்ளும்.

எனக்குக் கைவந்தது படிப்பு. இணையத்தில் ஊர் உலகத்துப் படக்காரர்கள் எழுதுவதையெல்லாம் படித்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை மேசையில் வாசிப்பேன். மற்ற மூவரும் பொறுமையாகக் கேட்பார்கள். எனக்கு அதில் அலாதியான சந்தோஷம். பறவைப் படத்துக்கு நான் குறித்து வைத்திருந்த விதிகளில் முதல் இரண்டும் இவை: பறவையை அதன் கண் மட்டத்தில் இருந்து எடுக்க வேண்டும், வெளிச்சம் எடுப்பவன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டும் நல்ல விதிகள்தான். இன்றும் அவற்றில் குறை சொல்ல மாட்டேன்.

எண்ணெய் எடுக்கும் பழத்துக்காக வளர்க்கிற செம்பனைத் தோட்டங்களில் எலி பெருந்தொல்லை. பழத்தைக் குதறிவிடும். அதற்காகத் தோட்டங்களில் கம்பம் நட்டு, உச்சியில் மரப்பெட்டி வைத்து, கூகைகளைக் குடிவைப்பார்கள். கூகை என்பது வெள்ளை முகம் கொண்ட ஆந்தை. இரவெல்லாம் எலி பிடித்துக் குஞ்சுகளுக்குக் கொண்டுவரும். அந்த ரெம்பாவ் தோட்டத்துப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது மிஸ்ஸி அக்காவின் அண்ணி. அக்கா கூப்பிடுகிற முறையிலேயே நாங்களும் அண்ணி என்றோம். இருபது வருடத்துக்கு மேல் உதிரிப்பழம் பொறுக்கி முழங்கால் தேய்ந்துபோனவர். குனிந்தால் நிமிர முடியாத நிலையில்தான் இந்த வேலையை அவருக்குப் பரீட்சார்த்தமாகக் கொடுத்திருந்தார்கள். பெட்டி பெட்டியாகப் போய் முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை, கீழே கிடக்கும் எலி எலும்பு எவ்வளவு என்று பார்த்து, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் சொல்ல வேண்டும். அவருக்கு எழுதத் தெரியாது. முட்டைக்கு வட்டம், குஞ்சுக்குக் கோடு என்று தன் கணக்கில் ஓர் அட்டையில் போட்டு வைத்திருப்பார்.

நாங்கள் முதல் தடவை போனபோதே அண்ணி எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். "லயத்துல ஆந்த அலறுனா வீட்டுக்கு ஆகாதுன்னு கதவ சாத்துறாங்க. எனக்கு அது அலறுனாத்தான் சோறு. இந்த வருசம் பாதிப் பெட்டி காலியா கெடக்கு. மேனேஜர் என்ன சொல்றாரு தெரியுமா? ரோட்டு ஓரத்துப் பன்னெண்டாம் நம்பர் பெட்டியில மூனு குஞ்சு இருக்கு பாரு, அதாவது பொழச்சுப் பறந்தா பெட்டியே தொடரலாம், இல்லாட்டி எலி மருந்துக்கே போயிடலாம்ங்கிறாரு. மருந்துக்குப் போனா எனக்கு என்ன வேல? திரும்பக் கூடைய எடுத்துக்கிட்டுப் பழம் பொறுக்கத்தான் போகணும். இந்தக் காலோட." அவர் முழங்காலைத் தட்டிக் காட்டியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அந்த மூன்று குஞ்சுகளும் பறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.

குஞ்சுகள் சாயங்காலமானால் பெட்டி வாசலில் வந்து எட்டிப்பார்க்கின்றன என்று அண்ணி சொல்லி அனுப்பியதும் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தோம். வர முடியாமல் போன மிஸ்ஸி அக்கா காலையிலேயே போனில் மூன்று விஷயம் சொன்னார். லோரியை கேட்டுக்கு வெளியே நிறுத்த வேண்டும். உள்ளே நடந்துதான் போக வேண்டும். பிளாஷ் கூடாது. "சரிக்கா, சரிக்கா" என்று மூன்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன்.

தோட்டத்து வாசலில் காவலுக்கு இருந்த ஜாகாவுக்கு லோரி அண்ணனை ஏற்கெனவே தெரியும். எங்களைப் பார்த்ததும் கட்டையைத் தூக்கிவிட்டார். அண்ணன் ஓரமாக நிறுத்தப் போனார். கட்டை தூக்கியிருந்ததைப் பார்த்ததும் எனக்குள் விதி நம்பர் ஒன்று வேலை செய்யத் தொடங்கியது.

"அண்ணே, நடந்து போனா கீழ இருந்துதான் எடுக்கணும். வயிறுதான் விழும். லோரி கூண்டு மேல ஏறி நின்னா கண்ணுக்கு நேரா இருக்கும்."

"மிஸ்ஸி வேணாம்னுச்சே தம்பி."

"கிட்ட போக மாட்டோம்ணே. இருபது மீட்டர் தள்ளியே நிறுத்திடலாம்."

பாய் தலையை ஆட்டினார். "கூண்டு மேல ஏறுற ஒடம்பு இல்ல வாப்பா இது. நான் கீழ நின்னு வயித்தையே எடுத்துக்கிறேன்."

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். படித்தவன் சொல்கிறான் என்று நினைத்திருப்பார். உள்ளே விட்டார்.

சொன்னபடி இருபது மீட்டரில்தான் முதலில் நிறுத்தினோம். மேலே ஏறிப் பார்த்தால் மட்டம் சரியாக இருந்தது, ஆனால் சூரியன் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. பெட்டி கரிக்கட்டி மாதிரி தெரிந்தது. இப்போது விதி நம்பர் இரண்டு. கம்பத்துக்கு மேற்குப் பக்கம் போனால் வெளிச்சம் முதுகுக்கு வந்துவிடும். அந்தப் பக்கம் இடம் குறைவு. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் கம்பம், நடுவே முந்தின நாள் மழையில் ஊறின செம்மண். நான் இறங்கிப் பின்னால் நின்று வழி சொன்னேன். சொல்லும்போதே வெளிச்சம் எந்த இடத்தில் சரியாக விழுகிறது என்று பார்ப்பதற்காகக் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டேன். "கோஸ்தான்... கோஸ்தான்... இன்னும் கொஞ்சம்... போலே, போலே, வரலாம்..." அந்த நேரம் பார்த்துப் பெட்டி வாசலில் ஒரு குஞ்சு எட்டிப்பார்த்தது. மாவு பூசினாற்போல் வெள்ளை முகம், இரண்டு கறுப்புக் கண்கள். அதுவரை நான் கூகைக் குஞ்சைப் பார்த்ததே இல்லை. விரல் ஷட்டரை அழுத்திக்கொண்டே இருந்தது. வாய் கோஸ்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. இடது கண் இறுக மூடியிருந்தது.

சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. பின் சக்கரம் செம்மண்ணில் வழுக்கி வாய்க்காலுக்குள் மெதுவாக இறங்கியது. கூண்டு சாய்ந்து, அதன் மேல் மூலை கம்பத்தில் போய் முட்டியது. கம்பத்தின் அடி கறையான் தின்றது போலிருக்கிறது. அது முனகிக்கொண்டே மறுபக்கம் போய், திரும்பி வந்து, லோரி முதுகிலேயே சாய்ந்து நின்றது. உச்சியில் இருந்த பெட்டி கூண்டின் கூரை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது. வாசலில் நின்ற குஞ்சு வெளியே விழுந்து, கூரைத் தகட்டில் சறுக்கிக்கொண்டு வந்து, விளிம்பில் ஒரு நொடி நின்று, கீழே விழுந்தது.

பாய் அங்கே நின்றிருந்தார். அந்த உடம்போடு அவர் எப்படி ஓடினார் என்று எனக்குத் தெரியாது. தோளில் கிடந்த துண்டை விரித்துப் பிடித்தார். குஞ்சு அதில் விழுந்தது. அவருடைய பெரிய லென்ஸ் அவருக்குப் பின்னால் சேற்றில் கிடந்தது. துண்டுக்குள் இருந்து சீறல் சத்தம் வந்தது, குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் வருமே, அப்படி.

"யா அல்லா, இது பறவையா பாம்பா? தம்பி, வந்து பாரு லா, என்னைய மொறைக்குது!"

மிஸ்ஸி அக்காவுக்குப் போன் போட்டு, குஞ்சு கீழே விழுந்துவிட்டது என்றேன். வார்டில் இருந்ததால் தாழ்ந்த குரலில் பேசினார். "இருக்கா, போயிருச்சா?"

"இருக்குக்கா."

"ரெக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கா? ஒன்னு தொங்குதா பாரு."

"தொங்கலக்கா."

"துண்டப் போட்டு மூடி இருட்டா வை. தண்ணி கிண்ணி ஊத்தாத. அண்ணிகிட்ட நீ நேர்ல போய்ச் சொல்லு, போன்ல சொல்லாத." பிறகு கேட்டார். "லோரிய உள்ள கொண்டு போனீங்களா?"

நான் சாய்ந்த லோரியைப் பார்த்தேன்.

"சரி. வந்து வச்சுக்கிறேன்."

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினேன். அண்ணி பைப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு முடிக்கும்வரை கை தண்ணீரில் அப்படியே இருந்தது. பிறகு சட்டியை இறக்கி வைத்துவிட்டு மோட்டாரை எடுத்தார். பின்னால் நான் உட்கார்ந்துகொண்டேன். குண்டும் குழியுமான வழியில் அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

அங்கே வந்ததும் கம்பத்தில் காதை வைத்துக் கேட்டார். "ரெண்டு உள்ள இருக்கு. சத்தம் வருது." துண்டைப் பிரித்து மூன்றாவதைப் பார்த்தார். அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்க லோரி அண்ணன்தான் கூரை மேல் ஏறினார். தகடு சத்தம் போடக்கூடாது என்பதற்காகப் பாதி தூரம் வயிற்றால் ஊர்ந்து போனார். குஞ்சை உள்ளே விடும்போது அது அவர் மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. ரத்தம் முழங்கை வரை வழிந்தது. இறங்கி வந்து, "லோரிய இப்ப எடுக்கவா அண்ணி?" என்று மட்டும் கேட்டார்.

"தொடாதீங்க. லோரிதான் இப்ப கம்பத்தப் புடிச்சிக்கிட்டு நிக்குது. எடுத்தா எல்லாம் கீழ வந்துரும். அப்படியே கெடக்கட்டும்." அண்ணி சுற்றிலும் பார்த்தார். "இருட்டுற நேரம் தாய்க் கூகை எலியோட வரும். வந்து உள்ள போச்சுன்னா பொழச்சோம். லோரியப் பாத்து மெரண்டு போயிருச்சுன்னா குஞ்சு மூனும் பட்டினி. நாளைக்கு நான் கூடையத் தேட வேண்டியதுதான்."

நாற்பது அடி எண்ணித் தள்ளிப் போய், வெட்டிப் போட்ட செம்பனை மட்டைக் குவியலுக்குப் பின்னால் எங்களை உட்கார வைத்தார். பாயின் அரிசிப் பையை மட்டை மேல் போட்டு அதில் என் கேமராவைப் பதித்தேன். சேறு துடைத்த பாயின் லென்ஸை அதில் மாட்டினோம். நான் ஏன் கேமராவைத் தயார் செய்தேன் என்று கேட்டால், கைக்கு வேறு வேலை இல்லை, அதுதான் உண்மை. வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி வடிந்தது. மழைக்குப் பிந்தின கொசு. சாய்ந்த லோரி தூரத்தில் யானை படுத்தது மாதிரி தெரிந்தது.

"அதுங்க இதுவரைக்கும் அத பாத்ததே இல்ல," என்றார் அண்ணி, லோரியைக் காட்டி. "பயப்படும்."

"காலையில அது ஸ்டார்ட் ஆவுற சத்தத்துக்கு எனக்கே பயம் வரும் அண்ணி," என்றார் லோரி அண்ணன். கையில் பாயின் துண்டைச் சுற்றியிருந்தார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் அண்ணனுக்கு இன்றும் கடமைப்பட்டவன்.

நான் கேமராவுக்குள் பெட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் என் காதருகே, "ரெண்டு கண்ணு," என்றார். இடது கண்ணைத் திறந்தேன். அந்தக் கண்ணில்தான் அது வந்தது. வெள்ளையாக, துளிச் சத்தம் இல்லாமல், இடது பக்கச் செம்பனை வரிசைக்கு மேலே. பெட்டியை நெருங்கியதும் திடுக்கிட்டாற்போல் மேலே எழும்பிப் போய்விட்டது. அண்ணியின் கை என் தோளை இறுக்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி வந்தது. வட்டம் போட்டது. இந்தத் தடவை லோரியின் தலை மேல் வந்து உட்கார்ந்து, எலியை அலகில் தொங்கவிட்டுக்கொண்டு, தன் வீட்டு வாசலில் இப்படி ஒரு வண்டியை யார் கொண்டுவந்து நிறுத்தியது என்பதுபோல் பார்த்தது. பிறகு இரண்டு எட்டு நடந்து, சாய்ந்த பெட்டிக்குள் போனது. உள்ளே இருந்து சீறல் கிளம்பியது. நான் எடுத்த படங்களில் ஒன்றே ஒன்று தேறியது. கண் மட்டம் இல்லை, வெளிச்சமே இல்லை, படம் முழுக்க மணல் தூவினாற்போல் புள்ளி. பாதிச் சட்டத்தை லோரி அடைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது எலியும் உள்ளே போனதும் அண்ணி எழுந்து சேலையைத் தட்டினார். "சரி, வாங்க. சோறு ஆக்குறேன்." பாயை அவர் மருமகன் வந்து கூட்டிப்போனார். அண்ணனும் நானும் லயத்தில் கருவாட்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, வாசலில் கோரைப்பாய் விரித்துப் படுத்தோம்.

விடியற்காலையில் அம்மாவிடம் இருந்து போன். எங்கே இருக்கிறாய் என்றார். தோட்டத்தில் இருக்கிறேன், மேனேஜரைப் பார்க்கப் பெரட்டில் நிற்கப் போகிறேன் என்றேன். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் வாசித்து வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. அம்மாவும் அப்பாவும் ஆயுள் முழுக்க நின்ற இடம்.

"ஒன்ன பெரட்டுல நிக்க விடக் கூடாதுன்னுதானடா படிக்க வச்சேன்?" என்றார். பிறகு, "பசியாறுனியா?" என்றார்.

பெரட்டில் முன்போல நம் ஆட்கள் இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் முக்கால்வாசி. அவர்களுக்குப் பக்கத்தில் அண்ணி, லோரி அண்ணன், நான். மேனேஜர் என்னைவிடச் சில வயதே மூத்தவர். பன்னிரண்டாம் நம்பர் பெட்டியை வரும் வழியிலேயே பார்த்துவிட்டார். யார் லோரியை உள்ளே கொண்டுவந்தது என்று மலாயில் கேட்டார். நான் இரவெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு மன்னிப்புரை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் ஓர் எட்டு முன்னால் போய், "நான்தான் இடிச்சேன், பாஸ். அண்ணி மேல தப்பு இல்ல. அவங்களுக்குத் தெரியாது. கம்பத்த நான் நட்டுக் குடுக்குறேன்," என்றார், தமிழையும் மலாயையும் கலந்து. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. விதியைப் பற்றியும் இல்லை, கோஸ்தானைப் பற்றியும் இல்லை.

மனப்பாடம் செய்தது முழுக்க மறந்துபோனது. "அண்ணன் இடிக்கல. நான்தான் பின்னால நின்னு கோஸ்தான் சொன்னேன். வண்டியப் பாக்காம குஞ்சப் பாத்தேன்," என்றேன், நானும் தமிழில். கிராணி மொழிபெயர்த்தார். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மேனேஜர் அண்ணியைப் பார்த்துக் குஞ்சுகள் என்ன ஆயின என்றார். "மூனும் இருக்கு. நேத்து ரெண்டு எலி உள்ள போச்சு," என்று அண்ணி தன் அட்டையைக் காட்டினார். மூன்று கோடு இருந்தது. தாய் திரும்பவும் வந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். நான் கேமராவைத் திறந்து, அந்தப் புள்ளி விழுந்த படத்தைக் காட்டினேன். அவர் அதை வெகு நேரம் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். கடைசியில், இந்தப் படத்தின் பிரதி ஒன்று தன் அறிக்கைக்கு வேண்டும் என்றார். அண்ணி வேலையில் தொடரட்டும், குஞ்சுகள் பறந்த பிறகு மருந்தா பெட்டியா என்று பேசலாம் என்றார். புதுக் கம்பம் மரமாக இருக்கக்கூடாது, இரும்பாக இருக்க வேண்டும், செலவு முழுக்க எங்களுடையது. நாங்கள் தலையை ஆட்டினோம்.

திங்கட்கிழமை மத்தியானம், வேலை முடிந்து கையுறைகளோடு நேராக வந்து இறங்கினார் மிஸ்ஸி அக்கா. சாய்ந்த லோரியையும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மூனு ஆம்பள, ஒரு லோரி, ஒரு கம்பம். அஞ்சுல ஒன்னாச்சும் நேரா நின்னுச்சா?" பழைய கம்பத்துக்கு ஆறடி தள்ளி இரும்புக் கம்பத்தை நட்டு, பலகையில் புதுப் பெட்டி அடித்து அதில் பொருத்தி, சிமெண்ட் இறுகும் வரை காத்திருந்து, மறுநாள் குஞ்சுகளை அக்காவும் அண்ணியும் கூடையில் இறக்கிப் புதுப் பெட்டிக்கு மாற்றினார்கள். அப்புறம்தான் டிராக்டர் வந்து லோரியை வாய்க்காலில் இருந்து இழுத்தது. அதுவரை இரண்டு நாள் அந்த லோரி அங்கேயே கிடந்தது. அண்ணனுக்கு இரண்டு லோடு போனது. ஒரு தடவைகூட அவர் அதைப் பேச்சில் எடுத்ததில்லை. செலவைப் பிரிக்கும்போது நான் முழுதும் கொடுக்கிறேன் என்று நின்றேன். "நீ சொன்ன, நான் ஓட்டுனேன், பாய் வேடிக்க பாத்தாரு, மிஸ்ஸி வரல. நாலு பேருக்கும் பங்கு உண்டு லா," என்று முடித்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அண்ணி ஒரு குரல் செய்தி அனுப்பினார். "மூனும் பறந்து போயிருச்சு." அவ்வளவுதான் இருந்தது. பின்னணியில் கோழி கூவியது. இன்று அந்தத் தோட்டத்தில் பெட்டிகள் முன்பைவிட அதிகம். எல்லாம் இரும்புக் கம்பம். அண்ணிதான் பார்த்துக்கொள்கிறார். லோரி அண்ணன் மனைவியின் ஊரான கெமாஸுக்குக் குடிபோய்விட்டார். அங்கிருந்து கூட்ஸ் வண்டிப் படங்களாக அனுப்புகிறார். ஞாயிற்றுக்கிழமை மேசையில் அவர் நாற்காலியில் இப்போது பாயின் லென்ஸ் உட்காருகிறது. எனக்கு இரண்டு கண்ணையும் திறந்து வைக்கப் பழகிவிட்டது. தலை வலிப்பதில்லை. தொழிற்சாலையில் பாகங்களைச் சோதிக்கும்போதுகூட இடது கண் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

போன மாதம் ராசாவில், புதிதாகக் கேமரா வாங்கினவர்களுக்காக ஒரு கூட்டம் நடத்தினோம். நான் இருபது படம் காட்டினேன். லோரி மேல் நிற்கும் கூகை வந்ததும் கூடத்தில் எல்லோரும் முன்னால் சாய்ந்து பார்த்தார்கள். பின் வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். இந்தப் படம் எடுக்க என்ன செட்டப் வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு லென்ஸ் விலையும் கேமரா விலையும் சொல்லியிருப்பேன். அன்று பாயைப் பார்த்தேன், மிஸ்ஸி அக்காவைப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். இரும்புக் கம்பம், பலகை, சாயம், சிமெண்ட், லோரியின் பின் விளக்கு, டிராக்டர்காரருக்குச் சாப்பாடு, அண்ணன் வேண்டாம் என்றும் நாங்கள் பிடிவாதமாகக் கணக்கில் சேர்த்த இரண்டு நாள் லோடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, அவருக்குக் குறித்துக்கொள்ள நேரம் கொடுத்து, தொகையைச் சொன்னேன்: ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு வெள்ளி, ஐம்பது காசு.